தாளில் போட்டிருந்த பழம்

“நான் இட்லி சாப்பிட்டேனா தோசை சாப்பிட்டேனான்னு மாத்திரைக்கு எப்படி ஆண்ட்டி தெரியும்?” என்று ஒரு சிறுமி என்னிடம் ஒருமுறை கேட்டாள். அனுஷ்கா என்று பெயர். ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கண்கள் பளபளவென்றிருந்தன. சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டியது எது, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டியது எது என்று அவள் அம்மாவிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது குறுக்கே புகுந்து கேட்டாள்.

“வயித்துக்குள்ள எல்லாரும் ஒரே ஜீப்புலதான் பாப்பா போகணும். யாரு பக்கத்துல யாரை ஒக்கார வச்சா சண்டை வரும்னு பாத்து ஏத்திவிடணும்,” என்றேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்து வளர்கிற பிள்ளை. புரிந்துவிட்டது என்று தலையாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா, ஆரம்பத்திலிருந்து எழுதுங்கள் என்று சொல்லி இந்தத் தாள்களைக் கொடுத்தீர்கள். எனக்கு ஆரம்பம் என்றால் அந்த மருந்துக்கடைதான். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வாசலில் இருந்த காவலர் என்ன தொலைந்துபோனது என்று கேட்டார். ஒன்றும் தொலையவில்லை என்றேன்.

என் பெயர் பவானி. வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் சுருளிப்பட்டி. கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். முதலாளி சுந்தர்ராஜ் மருந்தியல் படித்தவர். நான் பன்னிரண்டாம் வகுப்புதான். ஆனாலும் எந்த மாத்திரையோடு எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று கேட்பவர்களை அவர் என்னிடம்தான் அனுப்புவார். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை எல்லாரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் அதைச் சேர்த்து வைத்துப் படிப்பேன். அகராதி வைத்துக்கொண்டு படிப்பேன்.

ரத்தச்சோகைக்கு மாத்திரை வாங்குகிற பெண்களிடம், டீ குடித்த கையோடு போட்டால் மாத்திரை வீணாகப் போகும் என்று சொல்வேன். தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிற டீச்சர்கள் இருந்தார்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்துக் காபி குடிக்கும்படி பழக்கினேன். சில மாத்திரைகளுக்குப் பால் ஆகாது. குடிக்கிற ஆண்களிடம் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. சில்லறை கொடுக்கும்போது குனிந்து, இன்னும் ஐந்து நாளைக்கு அது வேண்டாம், மாத்திரையும் அதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் பூஜையாகத்தான் செய்தேன். பெரிய உதவிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மனிதருக்குச் சின்னதாக ஒன்றை, நாள் தவறாமல், பலன் பார்க்காமல் செய்துவந்தால் அது எங்கேயாவது போய்ச் சேரும். இதை நான் இப்போதும் நம்புகிறேன்.

சீனிச்சாமி அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். அவர் நல்லவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுத இடமில்லாமல் போகலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் அவருடைய திராட்சைத் தோட்டம். மூன்று ஏக்கரும் பன்னீர் திராட்சை. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ராஜாத்தி, கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். அவருக்கும் எங்களுக்கும் உறவு கிடையாது. ஆனால் என் கணவர் ஈஸ்வரபாண்டியும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரிப் பழகினார்கள். நான் அண்ணே என்பேன். அவர் பவானி என்பார், மனசு நிறைந்திருந்தால் ஆத்தா என்பார்.

என் கணவர் குமுளிக்கு ஜீப் ஓட்டினார். எட்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் அவருக்கு இதய வால்வை மாற்றினார்கள். புது வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஆயுசுக்கும் போட வேண்டிய மாத்திரை. நாங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் சீனிச்சாமி அண்ணன் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து எங்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போனார். ஆபரேசன் செய்த உடம்புக்கு அதைவிடச் சத்து ஏது என்பது அவர் எண்ணம். அதற்கு மறுநாளும் வந்தது. ஐந்து மாதம், ஒரு நாள் தவறாமல் வந்தது. பனி விழுகிற காலையில் அறுபதை நெருங்குகிற மனிதர் மரத்தில் ஏறிக் கீரை ஒடித்துக்கொண்டு வருவார். கூப்பிட்டு ஒரு வாய்க் காபி கொடுக்கக்கூட நிற்க மாட்டார்.

ஐந்தாவது மாதம் என் கணவருக்கு ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கீரை நிறையச் சாப்பிட்டாரா என்று அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். அந்த மாத்திரை ரத்தத்தை இளக வைக்கும், கீரையோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், திடீரென்று தினமும் கீரை சேர்த்தால் மாத்திரை தோற்றுவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். என் கணவர் இறந்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

சாவு வீட்டில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் சீனிச்சாமி அண்ணன். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தெரியாமல் செய்தவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. அதற்குப் பிறகும் அவர் தோட்டத்தில் விளைவதெல்லாம் எங்கள் கேட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. புடலை, அவரை, காய்ப்புக் காலத்தில் திராட்சைக் குலைகள். நானும் எடுத்துச் சமைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவர் பெயரையும் சொல்லித்தான் கும்பிடுவேன். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கோபம் இல்லை. அவர் எனக்கு ஒன்று செய்திருந்தார். அதற்கு நான் திருப்பி எதுவும் செய்யவில்லை. அது மட்டும் உள்ளே ஒரு பக்கமாகக் கனத்துக்கொண்டிருந்தது.

போன வருடம் ஆடி மாதம் அவருக்கு ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் கூடியிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கூடவே தமிழில் அச்சடித்த ஒரு தாள். உப்பைக் குறை, நட, இதைச் சாப்பிடாதே என்று வரிசையாக இருந்தது. அதில் ஒரு வரி, “இந்த மாத்திரைகளுடன் திராட்சைப்பழம் மற்றும் அதன் சாறு சேர்க்கக் கூடாது” என்று இருந்தது.

மாத்திரை வாங்க வந்தவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். முகம் செத்துப்போயிருந்தது.

“இதென்ன பவானி, நம்ம பொழப்பையே கூடாதுங்கிறாக. திராட்சதானா? வேற எதுவும் எழுத வந்து மாத்திப் போட்டாகளா?”

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். ஆங்கிலத் தாளில் இருப்பது கிரேப் ஃப்ரூட் என்கிற ஒரு பழம். பெயரில்தான் திராட்சை இருக்கிறது. பழம் திராட்சையே இல்லை. நாரத்தை, சாத்துக்குடி வகையறா, பெரிதாக, கொஞ்சம் கசப்பாக இருக்கும். நம் பக்கம் விளைவதில்லை. கிளினிக்கில் யாரோ அந்த இரண்டு சொல்லையும் தனித்தனியாகத் தமிழாக்கித் திராட்சைப்பழம் என்று போட்டுவிட்டார்கள். வேறு ஊர் என்றால் இந்தப் பிழையால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கம்பத்தில், திராட்சைக்காரரின் கையில் வந்து சேர்ந்தது.

“தாள்ல போட்டிருக்கிறபடி நடந்துக்கங்கண்ணே,” என்றேன்.

அது பொய் இல்லை. தாளில் போட்டிருக்கிறபடி நடக்கச் சொன்னேன், அவ்வளவுதான். முதல் நாள் என் மனதில் வேறு எதுவும் இல்லை. பின்னால் ஆள் நின்றார்கள், நேரமில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர் அன்றிலிருந்து ஒரு திராட்சையை வாயில் வைக்கவில்லை. ஊரே சிரித்தது. குருசாமியின் டீக்கடையில் இதே பேச்சு. “திராட்சைக்காரன் திராட்ச திங்கக் கூடாதுன்னுட்டாக. இனிமே பால்காரன் பாலு குடிக்கக் கூடாது, நான் டீ குடிக்கக் கூடாது. இந்தக் கடை டீயக் குடிக்காட்டி எனக்கும் ஆயுசு கெட்டிதான்,” என்று குருசாமி சொல்ல, சீனிச்சாமி அண்ணனும் சேர்ந்து சிரித்தார். “நீ போடுற டீக்கு ஒரு தாளு அடிச்சு ஒட்டணும்டா மொதல்ல,” என்று இவரும் விடவில்லை.

ஆனால் அறுவடை நெருங்கியபோது சிரமப்பட்டார். பழத்தில் சீனி ஏறிவிட்டதா என்று தோட்டக்காரர்கள் வாயில் போட்டுத்தான் பார்ப்பார்கள். பந்தலுக்குக் கீழே நடந்துகொண்டே ஒரு வரிசைக்கு ஒரு பழம் கிள்ளிப் போட்டுப் பார்த்து, இன்னும் நாலு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நாற்பது வருடமாக அவர் நாக்கு செய்த வேலை அது. இப்போது அவருக்காக நான் போய்ச் சுவைத்துப் பார்த்தேன். வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பந்தலுக்கடியில் அவருக்கு முன்னால் நடப்பேன். கிள்ளி என் கையில் தருவார். நான் மெல்லும்போது என் வாயையே பார்ப்பார். “இனிப்பு நாக்கு நுனியில நிக்குதா, தொண்டைக்குப் போகுதா, அதச் சொல்லு,” என்பார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அண்ணே, இது அந்தப் பழம் இல்லை, நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று. ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்படி ஒரு நாள் நடந்துவிட்டு வரும்போதுதான், “வாயி நமநமங்குது ஆத்தா. எதுனாச்சும் ஒரு பழம் தின்னாத் தேவல,” என்றார்.

எங்கள் கொல்லையில் ஒரு பம்ளிமாஸ் மரம் இருக்கிறது. என் கணவர் குமுளியில் இருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. அங்கே அதைக் கம்பிளி நாரங்கா என்பார்கள். ஆவணியில் இருந்து தை வரைக்கும் காய்க்கும். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு இருக்கும். தோல் உரிப்பதுதான் பாடு, உள்ளே ரோஸ் நிறச் சுளை. ஆங்கிலத் தாளில் சொல்லியிருக்கிற பழத்துக்கு இது தூரத்துச் சொந்தம் இல்லை, நேர்ச் சொந்தம். குடல் ஒரு மாத்திரையை உடைத்து, வேண்டிய மட்டும் உள்ளே விட்டு மிச்சத்தைக் கழிக்கிறது. இந்தப் பழங்களில் இருக்கிற ஏதோ ஒன்று அந்த வேலையைத் தடுத்துவிடும். ஒரு மாத்திரை போட்டவர் உடம்பில் பல மாத்திரை போட்ட மாதிரி ஏறி நிற்கும். எல்லா மாத்திரைக்கும் அப்படி இல்லை. அவருடைய இரண்டுக்கும் அப்படித்தான். பெட்டியில் இருந்த தாளை நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு பழத்தை உரித்துப் பிழிந்து, உப்பு ஒரு சிட்டிகை போட்டு, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வாய்க்காலைத் தாண்டி எடுத்துப் போனேன். அவர் அப்போதுதான் மாத்திரையைக் கையில் வைத்திருந்தார்.

“இது ஒத்துக்குமா பவானி?”

“இது திராட்சை இல்லையேண்ணே.”

அதுவும் பொய் இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நல்லா இரு ஆத்தா என்றார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வரும்போது உள்ளே இருந்த கனம் கொஞ்சம் குறைந்திருந்ததை நான் கவனித்தேன்.

அதிலிருந்து தினமும் கொடுத்தேன். ஐந்து மாதம், ஒரு நாள் தவறாமல். காய்ச்சல் வந்து நான் கடைக்குப் போகாத நாள்கூட அவருக்குச் சாறு போனது. மரத்தில் காய் குறைந்தபோது ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குமுளிக்குப் போய்ச் சந்தையில் வாங்கி வந்தேன். பழத்தைப் பொறுக்கித்தான் வாங்குவேன். அழுகலோ வதங்கலோ அவருக்குக் கொடுத்ததில்லை.

நான் அவருக்கு விஷம் வைத்தேன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் அம்மா. மாத்திரை டாக்டர் எழுதியது. பழம் கடவுள் படைத்தது. இரண்டையும் ஒரே ஜீப்பில் ஏற்றிவிட்டது மட்டும்தான் நான். அவர் என் வீட்டுக்குச் சாப்பிடுகிற பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார், நானும் அவருக்குச் சாப்பிடுகிற பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அன்போடு கொடுத்தார். நானும் முகம் சுளித்துக் கொடுக்கவில்லை. ஒருவர் செய்ததை அதே அளவில், அதே நாள் கணக்கில் அவருக்குத் திருப்பிச் செய்வது அநியாயம் ஆகாது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

முதலில் தலைச்சுற்றல் வந்தது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது என்று வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிடுவார். பிறகு தொடையும் கெண்டைக்காலும் வலிக்க ஆரம்பித்தன. கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து வேலை நடந்துகொண்டிருந்த சமயம். நாள் முழுக்க நின்றபடி கையைத் தூக்கிக்கொண்டு பந்தலில் வெட்டுகிறவருக்கு வலி வரத்தானே செய்யும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. வலிக்குத் தைலம் மட்டும் கொடுத்தேன். மார்கழியில் அவரால் படி ஏற முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கையும் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருந்தது.

கடைக்கு எத்தனையோ பேர் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இந்த மாத்திரையோடு இது வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சரியாகச் சொன்னேன். கொழுப்புக்கு இதே மாத்திரையை வாங்குகிற ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம், பம்ளிமாஸ் மட்டும் தொடாதீர்கள் சார் என்று இரண்டு தடவை சொல்லி, அட்டையின் பின்னால் எழுதியும் கொடுத்தேன். அதே நாள் காலையிலும் சீனிச்சாமி அண்ணனுக்கு டம்ளர் போயிருந்தது. இரண்டும் ஒரே கைதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இங்கே எழுதும்போதுதான் பார்க்கிறேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். பெண்பிள்ளையிடம் சொல்லக் கூச்சம்.

“ஒண்ணுக்குப் போனாக் கருப்பட்டிக் காப்பி மாதிரிப் போகுது பவானி. நீ மருந்துக்கடையில இருக்கவ. ஒங்கிட்டத்தான் கேக்க முடியும்.”

வலித்த சதைகள் கரைந்து ரத்தத்தில் கலக்கின்றன, அது சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது என்று அந்த நிறத்துக்கு அர்த்தம். அந்தப் பொடி எழுத்துத் தாளில், உடனே டாக்டரிடம் போ என்று அதற்குத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கும்.

“வெயில்ல நிக்கிறீகளே, தண்ணி எவ்வளவுண்ணே குடிக்கிறீக?” என்று கேட்டேன்.

கேள்விதான் கேட்டேன். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். நான் கொண்டுபோன சாற்றையும் குடித்துவிட்டு, மேலே ரெண்டு சொம்பு தண்ணீரும் குடித்தார். இன்னும் நாலு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் கால் வீங்கி மூச்சு வாங்கியபோது குருசாமியும் நானும் ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராஜாத்தி திருப்பூரில் இருந்து அன்று மாலையே வந்துவிட்டாள்.

இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன என்றார்கள். டாக்டர் நல்ல பெண். இந்த மாத்திரைகள் இவ்வளவு தூரம் யாரையும் படுத்தாதே, நாட்டு மருந்து, லேகியம், வேறு ஏதாவது சாப்பிட்டாரா, நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ராஜாத்தியிடம் கேட்டார். அப்பா சாப்பிடுவதெல்லாம் ராஜாத்திக்கு என்ன தெரியும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அந்தத் தாள்ல போட்டிருந்தபடி ஒரு திராட்சைகூட வாயில வைக்கலைங்க டாக்டர்,” என்றேன்.

டாக்டருக்கு அது புரியவில்லை. எந்தத் தாள் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் வேறொரு கட்டிலில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ராஜாத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். பெத்த மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் அத்தை, எங்கப்பாவை நீங்கள் பார்த்துக்கொண்டதுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாவது நாள் சாயங்காலம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. பேசினார். ராஜாத்தி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. நர்சும் இல்லை. என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் ஆத்தா. ஈஸ்வரனுக்கு நான் கொண்டாந்து கட்டுன கீரை இருக்கே, அது அவனுக்கு ஆகாதாம். வால்வு மாத்திக்கிட்ட ஒரு ஆளு, வடுகபட்டிக்காரரு, ரெண்டு வருசத்துக்கு முந்தி பேச்சுவாக்குல சொன்னாரு. கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. நெழலு விழுதுன்னு சாக்குச் சொல்லி அந்த மரத்தையும் வெட்டிப் போட்டேன். ஒங்கிட்ட வந்து கால்ல விழுந்திருப்பேன். ஆனா சொன்னா, ஆக்கிப் போட்டது நானாச்சேன்னு நீ ஒடஞ்சு போவ. அதான் வாயத் தொறக்கல. இப்பச் சொல்லாட்டி எப்பச் சொல்ல. எவனாச்சும் நாளைக்கு ஒங்கிட்ட வந்து சொன்னா, நீ மனசுல போட்டுக்கிராத. நீ தெரியாமத்தான் ஆக்கிப் போட்ட. அது ஓம்பாவம் இல்ல, எம்பாவம்.”

“சரிண்ணே,” என்றேன்.

அம்மா, என் கணவர் இறந்த பிறகுதான் கீரை விஷயம் எனக்கு விளங்கியது என்று முதல் தாள்களில் எழுதியிருக்கிறேன். அதை நான் அடித்துத் திருத்தவில்லை. எட்டு வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் மதுரையில் டிஸ்சார்ஜ் செய்த அன்றே ஒரு தாள் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அவர் என் தோளில் தூங்கினார். நான் அதை இரண்டு முறை படித்தேன். கீரை வகைகளைத் திடீரென்று கூட்டக் கூடாது என்று நான்காவது வரியில் இருந்தது. முதல் கட்டுக் கீரை கேட்டில் வந்தபோது அந்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றால் அண்ணன் மனம் நோகுமே என்று நினைத்தேன். இவ்வளவு ஆசையாகக் கொடுப்பது எப்படிக் கெடுதல் செய்யும் என்று நினைத்தேன். காய் வாங்குகிற செலவு மிச்சம் என்றும் நினைத்தேன். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஐந்து மாதமும் கீரையை உருவி, வதக்கி, அவர் தட்டில் வைத்தது நான்.

அந்தப் பாவத்தை இவர் தன் பேரில் வாங்கிக்கொண்டார். கேட்க அங்கே யாரும் இல்லை. என்னிடம் எதையும் திருப்பிக் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, நாக்கு வறளுது ஆத்தா, அந்தச் சாறு ஒரு வாய் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

என் பையில் பிளாஸ்கில் இருந்தது. பழக்கத்தில் கொண்டுவந்திருந்தேன். அவருடைய இரண்டு மாத்திரையையும் வந்த அன்றே நிறுத்திவிட்டிருந்தார்கள். இனி அது ஒன்றோடும் சண்டை போடாது, வெறும் பழச்சாறுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் எனக்குச் செய்ததற்குக் களங்கம் இல்லாமல் நான் திருப்பிச் செய்ய இது ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. டம்ளரில் ஊற்றி, தலையைத் தாங்கிப் பிடித்து மெதுவாகக் குடிக்க வைத்தேன். முழுதும் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டு, டம்ளரைக் கழுவிப் பைக்குள் வைத்த பிறகுதான் ராஜாத்தி டீயோடு வந்தாள். உள்ளே இருந்த கனம் அப்போது முழுதாக இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் அவர் இதயம் நின்றுவிட்டது.

அவருடைய கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள். சிறுநீரகம் வேலை செய்யாத நோயாளிகளுக்குப் பழச்சாறு, இளநீர் எதுவும் கொடுக்கக் கூடாது, இதயம் நின்றுவிடும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதில் பிழை ஏதும் இல்லை. அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றே நான் அதையும் இரண்டு முறை படித்திருந்தேன்.